ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 1960) தமிழ்நாட்டில் பிறந்து, வேலூரில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அமெரிக்கப் பெண் மருத்துவர் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் அதனைச் சார்ந்த மருத்துவமனையையும் நிறுவியவராகவே இவர் பரவலாக அறியப்படுகிறார். எனினும், மருத்துவப் பள்ளியைத் தொடங்குவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1909 ஆம் ஆண்டில், இவர் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அப்பள்ளி 1946 ஆம் ஆண்டில் பட்டப்படிப்பு வழங்கும் செவிலியர் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் செவிலியர் கல்வியை முதன்முதலில் பல்கலைக்கழக நிலைக்குக் கொண்டு சென்ற நிறுவனங்களுள் இது ஒன்றாகும். இதன் காரணமாக இந்திய மருத்துவ வரலாற்றில் மட்டுமன்றிச் செவிலியர் வரலாற்றிலும் ஐடா ஸ்கடர் ஒரு முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

இதே மருத்துவமனையில் பணியாற்றிய ஐடா பி. ஸ்கடர் என்பவர் இவருடைய உடன்பிறந்தாரின் மகள் ஆவார். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதிவிடக் கூடாது.

குடும்பப் பின்னணி

ஐடாவின் பாட்டனாரான மூத்த ஜான் ஸ்கடர் (1793–1855) நியூயார்க்கில் மருத்துவராக இருந்தவர். 1819 இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கையை அடைந்த இவர், யாழ்ப்பாணப் பகுதியிலுள்ள பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியாற்றினார். ஆசியாவுக்கு வந்த முதல் அமெரிக்க மருத்துவ மறைப்பணியாளர் இவரே எனக் கூறப்படுகிறது. 1836 இல் இவர் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். இவருடைய மகன்கள் 1853 இல் ஆற்காடு மிஷன் என்னும் அமைப்பை நிறுவினர். அக்காலத்து வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களில் இவ்வமைப்பு பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தி வந்தது. நான்கு தலைமுறைகளில் ஸ்கடர் குடும்பத்தைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் இத்தகைய பணிகளில் ஈடுபட்டனர்.

ஐடாவின் தந்தை இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. தாயார் சோபியா வெல்ட். இவர்களின் ஒரே மகளாக ஐடா இராணிப்பேட்டையில் பிறந்தார்.

இளமைக்காலம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நிலைத்துவிட்ட இப்பஞ்சத்தின்போது ஐடா சிறு குழந்தை. பசியால் துவண்ட குழந்தைகளுக்குத் தம் வீட்டில் உணவளிக்கப்பட்டதையும், தெருவோரங்களில் மக்கள் இறந்து கிடந்ததையும் அவ்வயதிலேயே அவர் கண்டார். பஞ்சத்துக்குப் பின் குடும்பம் அமெரிக்கா சென்றது. பின்னர் பெற்றோர் மீண்டும் இந்தியா திரும்ப, ஐடா உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்டு நகரிலுள்ள பெண்கள் பள்ளியில் அவர் கல்வி பயின்றார்.

குடும்ப வழக்கத்தைப் பின்பற்றி இந்தியாவுக்குப் பணியாற்ற வரும் எண்ணம் ஐடாவுக்கு அப்போது சிறிதும் இருக்கவில்லை. அமெரிக்காவிலேயே திருமணம் செய்துகொண்டு வாழ்வதே அவருடைய விருப்பமாக இருந்தது. 1890 இல் தாயாரின் உடல்நலம் குன்றியதால், அவரைக் கவனித்துக்கொள்ளச் சிறிது காலத்துக்கு மட்டும் என்று எண்ணி அவர் திண்டிவனம் வந்தார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஐடாவின் வாழ்க்கையை மாற்றியதாகக் கூறப்படும் நிகழ்வு திண்டிவனத்தில் நடைபெற்றது. ஓரிரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக அவரது வீட்டுக் கதவைத் தட்டினர். முதலில் வந்தவர் ஒரு பிராமணர். அடுத்து வந்தவர் ஓர் இசுலாமியர். மூன்றாமவர் மற்றுமொரு உயர்சாதி இந்து. மூவருடைய மனைவியரும் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தனர். தம் தந்தையார் மருத்துவர் என்றும், அவரை அழைத்துச் செல்லுமாறும் ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டு மருத்துவம் பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை. தமக்கு மருத்துவம் தெரியாது என ஐடா எவ்வளவோ எடுத்துரைத்தும், பெண் என்ற ஒரே காரணத்தால் அவரையே வருமாறு வேண்டினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

இந்நிகழ்வுக்குப் பின்னரே மருத்துவராகி இந்தியா திரும்புவது என ஐடா முடிவு செய்தார். டொரோத்தி கிளார்க் வில்சன் 1959 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலின் வழியாக இந்நிகழ்வு உலகெங்கும் அறியப்பட்டது.

இம்மரணங்களைப் புரிந்துகொள்ள அக்காலச் சூழலை அறிதல் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி 1875 ஆம் ஆண்டிலேயே பெண்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டது. அங்குப் பயின்ற மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணியின் முயற்சியால் 1885 இல் சென்னையில் கோஷா மருத்துவமனை தோன்றியது. ஆனால் இவ்வசதிகள் தலைநகரத்தைத் தாண்டி ஊர்ப்புறங்களைச் சென்றடையவில்லை. பேறுகாலத்தில் ஊர் மருத்துவச்சியே துணை. இயல்பான பேறுகளை அனுபவ அறிவால் கையாளக்கூடிய அவர்களால், குழந்தை குறுக்காகக் கிடத்தல், கடுங்குருதிப்போக்கு போன்ற சிக்கல்களில் பெரிதாக ஒன்றும் செய்ய இயலவில்லை.

மருத்துவக் கல்வி

1895 இல் அமெரிக்கா திரும்பிய ஐடா, பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898 இல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுப் பெண்களும் சேர்க்கப்பட்டபோது அங்கு மாறி, 1899 இல் பட்டம் பெற்றார்.

வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டுவதற்காக அவர் நிதி திரட்டினார். வங்கித் தலைவரான ராபர்ட் ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர்களை அளித்தார். 1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்தடைந்தார். அவருடன் அவரது தோழி ஆனி ஹான்காக்கும் வந்தார்.

வேலூரில் தொடக்கப் பணிகள்

தந்தையிடம் அனுபவம் பெறலாம் என்று ஐடா எண்ணியிருந்தார். ஆனால் வந்த சில மாதங்களிலேயே, 1900 இல், தந்தை புற்றுநோயால் இறந்தார். அனுபவமற்ற இளம் பெண் மருத்துவர் தனித்து நிற்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் நோயாளிகள் அவரை நம்பி வரத் தயங்கினர்.

தம் வீட்டின் சிறிய அறை ஒன்றில், ஒரே ஒரு படுக்கையுடன் அவர் மருத்துவப் பணியைத் தொடங்கினார். முறையாகப் பயிற்சி பெற்ற செவிலியர் எவரும் அவரிடம் இல்லை. வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியே கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுத்துத் தருவது முதலான உதவிகளைச் செய்தார். முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கப்பட்டதாகக் குறிப்பிடப்படுகிறது. 1902 இல் 40 படுக்கைகளைக் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. இது பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியதாக அமைந்தது.

அக்காலத்தில் செவிலியர் பணி

புதிய மருத்துவமனை ஒரு புதிய சிக்கலை முன்னிறுத்தியது. அறுவை மருத்துவம் செய்ய ஒரு மருத்துவர் போதும். அதன்பின் இரவும் பகலும் நாற்பது நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள ஒருவரால் இயலாது. நுண்ணுயிர் எதிர்ப்பிகள் இல்லாத காலம் அது. சல்பா மருந்துகள் 1930களிலும் பெனிசிலின் 1940களிலுமே பயன்பாட்டுக்கு வந்தன. எனவே அறுவைக்குப் பின்னும் பேறுகாலத்துக்குப் பின்னும் நோயாளி பிழைப்பது, கைகளையும் கருவிகளையும் தூய்மையாக வைத்திருத்தல், புண்ணை முறையாகக் கட்டுதல், காய்ச்சலின் போக்கைத் தவறாது குறித்துவருதல், உரிய நேரத்தில் நீராகாரம் கொடுத்தல் ஆகியவற்றைப் பெரிதும் சார்ந்திருந்தது. இவை யாவும் செவிலியரின் கடமைகளாகும்.

செவிலியர் பணியை ஒரு கல்வியாக மாற்றியவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் ஆவார். கிரிமியப் போரில் ஆற்றிய பணியால் புகழ்பெற்ற இவர், 1860 இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் செவிலியர் பள்ளியை நிறுவினார். அதன் தாக்கம் இந்தியாவிலும் காணப்பட்டது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871 இல் செவிலியர் பயிற்சி தொடங்கப்பட்டது. 1908 இல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உருவானது.

இருப்பினும், இந்தியக் குடும்பங்கள் தம் பெண்களை இப்பணிக்கு அனுப்பத் தயங்கின. இதற்குப் பல காரணங்கள் இருந்தன.

1. குருதி, சீழ், கழிவு ஆகியவற்றைத் தொடுதல் தீட்டாகக் கருதப்பட்டது. சாதி வேறுபாடின்றி எவரையும் தொட்டுப் பணிசெய்வதும் ஏற்கப்படவில்லை.
2. இளம்பெண் ஒருத்தி வீட்டை விட்டு வெளியே தங்குவதும், இரவு நேரத்தில் பணிபுரிவதும் அவளது பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் என அஞ்சப்பட்டது.
3. சிறுவயதுத் திருமணம் பரவலாக இருந்தமையால், பயிற்சிக்குரிய வயதில் மணமாகாத பெண்களைக் காண்பது அரிது.
4. பெண்களிடையே எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்தது. மருந்தின் அளவையும் நேரத்தையும் எழுதிவைக்க எழுத்தறிவு இன்றியமையாதது.

இதனால் அக்காலத்தில் இப்பணிக்கு வந்தோரில் ஆங்கிலோ இந்தியரும், கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களும், கணவனை இழந்தோருமே மிகுதியாக இருந்தனர்.

தமிழில் செவிலி என்னும் சொல்லின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாயே செவிலித்தாய் எனப்படுகிறாள். அவள் மகளே தலைவியின் தோழி. குடும்பத்தினுள் மிக்க மதிப்புடன் விளங்கிய இச்சொல்லே இன்று மருத்துவமனையில் நோயாளரைப் பேணுவோரைக் குறிக்க வழங்குகிறது. இலங்கைத் தமிழில் தாதி, தாதியர் என்னும் சொற்கள் வழக்கில் உள்ளன.

செவிலியர் பள்ளி

1909 இல் ஷெல் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் பயிற்சி பெற்ற செவிலியரான டீலியா ஹாட்டன் இதன் வளர்ச்சிக்குத் துணைநின்றார். ஐடாவின் நோக்கம் தம் மருத்துவமனைக்கு வேண்டிய உதவியாளர்களைப் பெறுவது மட்டுமன்று. அயல்நாட்டிலிருந்து வரும் செவிலியரை நம்பி இந்நாட்டின் தேவையை ஒருபோதும் நிறைவுசெய்ய இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவ்வூர்ப் பெண்கள், அவ்வூர் மொழியில் நோயாளியிடம் பேசுவோர், பயிற்சி பெற்றாலன்றி மாற்றம் நிகழாது என்பது அவருடைய கருத்து.

பயிற்சி பெற்ற ஒரு பெண் ஊருக்குத் திரும்பும்போது ஏற்பட்ட மாற்றம் குறிப்பிடத்தக்கது. சொந்தமாக ஊதியம் பெறுபவளாகவும், பேறுகாலத்தில் ஊரார் தேடிவரும் அறிவுடையவளாகவும் அவள் விளங்கினாள். கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் மதிப்புடன் வாழ்வதற்கான வாய்ப்பாக இப்பணி அமைந்தது.

1926 இல் சென்னை மாகாணச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி, பயிற்சி பெற்றோர் பதிவுசெய்யப்பட வேண்டும் என்னும் முறை மாகாணம் முழுமைக்கும் ஏற்பட்டது. பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையேயான வேறுபாடு முதன்முறையாகச் சட்டத்தின் துணையைப் பெற்றது.

ஊர்ப்புற மருத்துவம்

நோயாளிகள் மருத்துவமனைக்கு வர இயலாதபோது மருத்துவமனை அவர்களிடம் செல்லவேண்டும் என்பது ஐடாவின் அணுகுமுறையாகும். முதலில் மாட்டு வண்டியிலும், பின்னர் பெஜோ நிறுவனத்தின் சிறிய மகிழுந்து ஒன்றிலும் அவர் ஊர்களுக்குச் சென்றார். மகிழுந்தை முன்பின் கண்டிராத மக்கள் அதனைக் கண்டு அஞ்சி ஓடியதாகக் கூறப்படுகிறது. வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் வழியில், குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மரநிழல்களில் வண்டி நிற்கும். அங்கே நோயாளிகள் காத்திருப்பர். புண்களைக் கழுவிக் கட்டுதல், கண்களுக்கு மருந்திடல், மருந்துகளைப் பிரித்துக் கொடுத்தல் ஆகிய பணிகளைச் செவிலியர் செய்தனர்.

பிற்காலத்தில் சமுதாய நல மருத்துவம் என வழங்கலான துறைக்கு இவ்வழியோர மருந்தகங்கள் ஒரு முன்னோட்டமாக அமைந்தன.

பெண்கள் மருத்துவப் பள்ளி

செவிலியர் பள்ளியின் வெற்றியைத் தொடர்ந்து, பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்க ஐடா முயன்றார். விண்ணப்பிக்க மூன்று பேர் கூட வரமாட்டார்கள் என்று சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவர் ஐயுற்றார். ஆறு பேராவது கிடைத்தால் தொடங்கலாம் என்று அவர் இசைவளித்ததாகக் கூறப்படுகிறது. ஆனால் 151 விண்ணப்பங்கள் வந்தன. 1918 ஆகஸ்ட் 12 அன்று அப்போதைய சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்துவைத்தார். 1922 இல் முதல் அணியில் 14 பெண்கள் தேர்ச்சி பெற்றனர்.

1920களில் அமெரிக்காவில் லூசி பீபடி என்னும் பெண்மணி ஆசியாவிலுள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காகப் பெருநிதி திரட்டினார். பெண்கள் இருபது இலட்சம் டாலர்களைத் திரட்டினால் மேலும் பத்து இலட்சம் அளிப்பதாக ராக்பெல்லர் குடும்ப அறக்கட்டளை ஒன்று வாக்களித்தது. அத்தொகை திரட்டப்பட்டது. சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் வேலூர் மருத்துவப் பள்ளியும் இந்நிதியால் பயனடைந்தன. வேலூர் தோட்டப்பாளையத்தில் புதிய மருத்துவமனை எழுந்தது. பின்னர் பாகாயத்தில் மருத்துவப் பள்ளிக்கான வளாகம் உருவாக்கப்பட்டது.

1938 நெருக்கடி

1938 இல் சென்னை மாகாண அரசு, பட்டயநிலை மருத்துவப் படிப்பை நிறுத்தி, மருத்துவர் அனைவரும் பல்கலைக்கழகப் பட்டம் பெறவேண்டும் என்னும் கொள்கையை மேற்கொண்டது. மருத்துவத்தின் தரத்தை உயர்த்துவதே இதன் நோக்கம். ஆனால் பட்டப்படிப்புக்கு வேண்டிய பேராசிரியர்களும் ஆய்வகங்களும் படுக்கைகளும் வேலூரில் போதிய அளவு இல்லை. பள்ளியை மூடவேண்டிய நிலை உருவானது.

எழுபது வயதைக் கடந்த நிலையில், 1941 இல் ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று, உலகப்போர் நடைபெற்ற ஆண்டுகளில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். இதற்கிடையே, பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனத்தில் ஆண்களையும் சேர்ப்பதா என்ற வினா எழுந்தது. பல திருச்சபைகளின் கூட்டு ஆதரவைப் பெற அது தேவை என்பது ஒரு சாராரின் நிலைப்பாடு. பெண்கள் பெண்களுக்காக அளித்த நிதியின் நோக்கத்துக்கு அது முரணானது என்பது லூசி பீபடி உள்ளிட்டோரின் நிலைப்பாடு. நெடுங்கால நண்பர்களிடையே இதனால் கசப்பு ஏற்பட்டது. இறுதியில் ஐடா முதல் நிலைப்பாட்டை ஏற்றார். 1942 இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947 இல் ஆண் மாணவர்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டனர்.

செவிலியர் கல்லூரி

1943 இல் அமைக்கப்பட்ட போர் குழு (சர் ஜோசப் போர் தலைமையிலான நலவாழ்வு ஆய்வுக் குழு) 1946 இல் தன் அறிக்கையை அளித்தது. பிரித்தானிய இந்தியாவில் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்ததாகவும், 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்ற நிலை நிலவியதாகவும் அது சுட்டிக்காட்டியது. அப்போது 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவர் இருந்தார். அதாவது மருத்துவரைவிடச் செவிலியரின் எண்ணிக்கை பன்மடங்கு குறைவாக இருந்தது.

அதே 1946 ஆம் ஆண்டில் வேலூர் செவிலியர் பள்ளி கல்லூரியாக உயர்த்தப்பட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்ட இளம் அறிவியல் (செவிலியம்) நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. புளோரன்ஸ் டெய்லர் இம்முயற்சியில் முதன்மைப் பங்காற்றினார். இதே ஆண்டில் தில்லியிலும் செவிலியர் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. 1947 இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

பட்டப்படிப்பின் வருகையால், செவிலியரே செவிலியருக்குக் கற்பிக்கும் நிலை வலுப்பட்டது. அதுவரை மருத்துவமனையின் அன்றாடத் தேவைக்கான உழைப்பாகவே பயிற்சி பெரிதும் அமைந்திருந்தது. இனி உடற்கூற்றியல், நுண்ணுயிரியல், உளவியல், பொதுநலவாழ்வு ஆகியவற்றைக் கற்ற ஆசிரியர்களும் நிர்வாகிகளும் உருவாக வழி பிறந்தது. முதற்சில பத்தாண்டுகளில் செவிலியர் துறையின் தலைமைப் பொறுப்புகளில் மேலைநாட்டவரே இருந்தனர். பின்னர் அலியம்மா குருவிளா போன்ற இந்தியச் செவிலியர் அப்பொறுப்புகளை ஏற்றனர்.

இறுதிக்காலம்

1946 இல் ஐடா பணி ஓய்வு பெற்றார். விசாகப்பட்டினத்தில் பிறந்தவரான மருத்துவர் ஹில்டா லாசரஸ், நாடு விடுதலை பெற்ற பின்னர் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். ஓய்வுக்குப் பின் ஐடா கொடைக்கானலில் வாழ்ந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பிரித்தானிய இந்திய அரசின் கைசர்-இ-இந்து பதக்கமும், 1952 இல் நியூயார்க்கில் வழங்கப்பட்ட எலிசபெத் பிளாக்வெல் பாராட்டும் அவர் பெற்ற சிறப்புகளுள் சில. 1960 மே மாதம், தமது 89 ஆம் வயதில், கொடைக்கானலில் காலமானார். அவரது உடல் வேலூரில் அடக்கம் செய்யப்பட்டது.

மதிப்பீடு

திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களுக்கும் அருகிலேயே ஒரு மருத்துவர் இருந்தார். எனவே அங்குக் குறைவாக இருந்தது மருத்துவ அறிவு மட்டுமன்று. அவ்வறிவை அப்பெண்களிடம் கொண்டு சேர்க்கக்கூடிய பெண்களே இல்லை. ஐடா மருத்துவப் பள்ளிக்கு முன்னரே செவிலியர் பள்ளியைத் தொடங்கியதை இந்நோக்கில் புரிந்துகொள்ளலாம்.

ஸ்கடரின் நிறுவனம் மறைப்பணியின் ஒரு பகுதியாகவே தோன்றியது. அதன் நிதி பெரிதும் மேலைநாட்டிலிருந்து வந்தது. நிறுவனத்தின் புகழ் மருத்துவர்களின் பெயராலேயே பேசப்படுகிறது. தொடக்ககாலத் தமிழ்ச் செவிலியருள் பலரின் பெயர்கள் பொதுமக்களுக்குத் தெரியவில்லை. 1948 இல் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அறுவை மருத்துவமும், 1961 இல் நடைபெற்ற திறந்த இதய அறுவை மருத்துவமும் இந்நிறுவனத்தின் புகழை உயர்த்தின. அத்தகைய மருத்துவம் ஒவ்வொன்றிலும், அறுவைக்குப் பிந்தைய நீண்ட நாட்களின் பேணுதல் செவிலியர் கையில் இருந்தது. அவர்களை உருவாக்கிய மரபு 1909 இல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஒரு சிறு மருத்துவமனையில் தொடங்கியதாகும்.

காலவரிசை

1870 – இராணிப்பேட்டையில் பிறப்பு
1890 – திண்டிவனம் வருகை
1899 – கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம்
1900 – வேலூரில் ஒரு படுக்கையுடன் மருத்துவப் பணி
1902 – மேரி டேபர் ஷெல் மருத்துவமனை
1909 – செவிலியர் பயிற்சிப் பள்ளி
1918 – பெண்கள் மருத்துவப் பள்ளி
1942 – மருத்துவப் பட்டப்படிப்பு
1946 – செவிலியர் கல்லூரி, பணி ஓய்வு
1947 – ஆண் மாணவர் சேர்க்கை
1960 – கொடைக்கானலில் மறைவு

இவற்றையும் பார்க்க

புளோரன்ஸ் நைட்டிங்கேல்
கிறித்தவ மருத்துவக் கல்லூரி, வேலூர்
முத்துலட்சுமி ரெட்டி
ஹில்டா லாசரஸ்